பிறந்த வீடா, புகுந்த வீடா? – மட்டாஞ்சேரி அரண்மனையில் எழுந்த ஒரு கேள்வி

கொச்சியில் குடியேறி வாழும் நம்மவர் வீட்டிற்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: எறணாகுளத்தப்பன் கோயில், கோட்டைக் கொச்சிக் கடற்கரையிலுள்ள சீன வலைகள், மட்டாஞ்சேரி அரண்மனை. முதல் இரண்டிலும் பொழுது போவதே தெரியாது. அரண்மனையிலிருந்து மட்டும் பலர் கால் மணி நேரத்திற்குள் வெளியே வந்து, "இவ்வளவுதானா அரண்மனை?" என்று கேட்டு விடுகின்றனர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கண்டு பழகிய கண்களுக்கு, ஓட்டுக் கூரையும் வெள்ளைச் சுவரும் கொண்ட இந்த ஈரடுக்குக் கட்டடம் ஒரு பெரிய பண்ணையார் வீடு போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் அதன் கீழ்த்தளத்தில் பெண்டிர்க்கென அமைந்த அறைகள் உள்ளன. அவ்வறைகளில் வாழ்ந்தவர்களின் வரலாற்றைச் சிறிது அறிந்து கொண்டு உள்ளே நுழைந்தால், கால் மணி நேரம் போதாது. புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் நெஞ்சில் சுமந்து வாழும் நம் குடும்பங்களுக்கு அவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சில சொற்கள். இதனை ஒல்லாந்தர் அரண்மனை என்று ஊரார் அழைத்தாலும், இதைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மாவுக்கு அளித்தனர். அருகிலிருந்த கோயில் ஒன்றைக் கொள்ளையிட்டதால் சினமுற்றிருந்த அரசரைச் சாந்தப்படுத்துவதற்கே இக்காணிக்கை என்று கூறுவர். 1663-க்குப் பின் ஒல்லாந்தர் இதனைப் பழுது பார்த்துப் புதுப்பித்தமையால் அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. ஐரோப்பியர் கட்டியதாயினும் அமைப்பு மலையாள நாட்டு நாலுகெட்டுதான். நடுமுற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமாகிய பழையன்னூர் பகவதி கோயில் கொண்டிருக்கிறாள். மேல்தளத்தில் பட்டாபிஷேக மண்டபமும், 1864 முதல் ஆண்ட அரசர்களின் ஓவியங்களும், பல்லக்குகளும் உள்ளன. அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் வண்ணச் சித்திரமாக விரிகிறது.

அரண்மனைக்கு அடுத்துள்ள தெருவில் 1568-இல் எழுந்த யூதர் ஆலயம் இருக்கிறது. அரசர் அளித்த நிலத்தில், அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டது. அதன் பெயர் பரதேசி ஆலயம். நம் பேச்சில் பரதேசி என்பது வசைச் சொல்லாகிவிட்டது. இங்கே அது வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பொருளோடு மட்டும், எவ்வித இழிவும் இன்றி, ஒரு வழிபாட்டுத் தலத்தின் பெயராக நானூற்றைம்பது ஆண்டுகளாக வழங்கி வருகிறது. மலையாள நாட்டில் குடியேறிய தமிழ் அந்தணரையும் முற்காலத்தில் பரதேசிப் பிராமணர் என்றே குறித்தனர். ஆக, இந்த ஒரு தெருவில் நின்றால் நாமும் பரதேசிகளே.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மாற்றலில் எறணாகுளத்திற்கு வந்த ரயில்வே குமாஸ்தா நான். என் பணிப் பதிவேட்டில் சொந்த ஊர் என்ற இடத்தில் தென்காசி என்று எழுதியிருக்கிறது. சென்ற மழைக்காலம் ஓய்ந்த பின், என் தாயாரையும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குச் சென்றிருந்தேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் தம்பி களமசேரியில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். சேர்த்தலையைச் சேர்ந்த ஒரு மலையாளப் பெண்ணை மணக்க விரும்புவதாகத் தெரிவித்திருந்தான். "வேற்று நாட்டுப் பெண் நம் வீட்டில் எப்படி ஒட்டுவாள்? நாளைக்கு என் பேரப்பிள்ளை என்னை எந்தப் பாஷையில் கூப்பிடும்?" என்பது என் தாயாரின் கவலை. அது நியாயமற்ற கவலை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒடுங்கிய மரப்படி வழியே கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். பெண்டிர் அறைகள் அங்குதான். சுவர்களில் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனும், மோகினியைக் கண்டு மயங்கும் சிவபெருமானும் தீட்டப்பட்டிருக்கின்றனர். சிறு சாளரங்கள் வழியே மெல்லிய வெளிச்சம் மட்டும் வருகிறது. என் மனைவி சிறிது நேரம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கிருந்த ராணிகளுக்கு இது பிறந்த வீடா, புகுந்த வீடா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. உலகத்தில் பெரும்பாலான அரண்மனைகளில் அதற்கு ஒரே விடைதான்: புகுந்த வீடு. கொச்சியில் விடை வேறு. இங்கு மருமக்கள் தாயம் நிலவியது. அரசருக்குப் பின் அவருடைய மகன் பட்டத்துக்கு வருவதில்லை. சகோதரியின் மகன் வருவான். ஆகவே அரசி என்பவள் அரசரின் மனைவி அல்லள். அவருடைய தாய், அல்லது சகோதரி, அல்லது குடும்பத்தில் வயதால் மூத்த பெண். மூத்தவருக்கு வலியம்மைத் தம்புரான் என்று பட்டம். குடும்பத்துப் பெண்கள் பிறந்த மனையிலேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே முதுமை எய்தினர். அவர்களை மணந்த நம்பூதிரிமார்தாம் வெளியிலிருந்து வந்து போவர். இதைச் சொன்னதும் என் தாயார், "பிறந்த வீட்டிலேயே இருந்தால் யார் என்ன சொல்லிவிட முடியும்!" என்றார்.

இந்நிலைமையின் அருமையை உணர, அதே காலத்தில் ஐரோப்பாவில், புதுச்சேரியின் மூலம் நம் தமிழ்நாட்டோடு பிற்காலத்தில் தொடர்பு கொண்ட பிரெஞ்சு தேசத்தின் அரசிகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று பார்க்க வேண்டும். பிரான்சில் பெண்ணுக்கு அரியணை உரிமை கிடையாது. அங்கு அரசி என்றால் அரசரை மணந்து வந்தவள். வேற்று நாட்டு அரச குலத்திலிருந்து, பெரும்பாலும் உடன்படிக்கையின் ஒரு பகுதியாக, அவள் வந்து சேருவாள்.

1615-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையாக ஓடும் பிதசோவா ஆற்றில் இரண்டு இளவரசிகள் கைமாற்றிக் கொள்ளப்பட்டனர். ஸ்பெயின் அரசரின் மகள் ஆன் பிரான்சுக்கும், பிரெஞ்சு அரசரின் தங்கை எலிசபெத் ஸ்பெயினுக்கும் சென்றனர். நம் ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போன்றதே. ஆனுக்கு அப்போது வயது 14. மணமகன் பதின்மூன்றாம் லூயிக்கும் அதே வயதுதான். அதன் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் அவளுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. 1635-இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. 1637-இல், ஸ்பெயினில் உள்ள தன் உடன்பிறந்தாருக்கு அவள் இரகசியமாகக் கடிதம் எழுதியது வெளிப்பட்டது. விசாரணை நடந்தது. அரசியே குற்றத்தை ஒப்புக்கொண்டு கையொப்பமிட நேர்ந்தது. பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதுவது நம் பெண்களுக்கு ஆறுதல். அவளுக்கோ அது இராஜத் துரோகமாயிற்று.

மறு ஆண்டு, 1638 செப்டம்பரில், அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனே பின்னாளில் பதினான்காம் லூயி என்று புகழ்பெற்றவன். 1643-இல் கணவர் இறந்தபோது மகனுக்கு வயது ஐந்து கூட நிரம்பவில்லை. அரசி மனம் போல் ஆளக் கூடாதென்று கணவர் எழுதி வைத்த உயிலைப் பாரிஸ் நீதிமன்றத்தைக் கொண்டு நீக்கச் செய்து, ஆன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். அவள் தன் பிறந்த நாட்டுக்குச் சாதகமாக நடப்பாள் என்று எதிர்பார்த்தவர் பலர். அவளோ ஸ்பெயினை எதிர்த்துப் போரைத் தொடர்ந்து நடத்தினாள். கலகம் மூண்டு, 1651-இல் ஓர் இரவு, சிறுவனாகிய அரசனைத் தாய் ஒளித்து அனுப்பிவிட்டாள் என்று ஐயுற்றுப் பாரிஸ் மக்கள் அரண்மனைக்குள் புகுந்தனர். அவள் கதவுகளைத் திறக்கச் சொல்லி, உறங்கும் மகனை அவர்கள் வரிசையாக வந்து பார்த்துச் செல்ல விட்டாள்.

1660-ஆம் ஆண்டு ஜூன் மாதம், போர் முடிந்த பின், அதே பிதசோவா ஆற்றிலுள்ள ஒரு சிறு தீவில் ஆன் தன் சகோதரர் நான்காம் பிலிப்பைச் சந்தித்தாள். உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் கண்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன! அச்சந்திப்பின் காரணம் ஒரு திருமணம். ஆன் தன் சகோதரர் மகள் மரியா தெரேசாவையே மகனுக்கு மணம் செய்வித்தாள். மாமன் மகளை மணப்பது நம் வழக்கம் மட்டும் அன்று போலும்! அத்தையே மாமியாராக வாய்த்ததால் மரியா தெரேசாவுக்கு அந்த அரண்மனையில் பேச்சுத் துணை கிடைத்தது. ஆயினும் 1666-இல் ஆன் மறைந்த பிறகு அத்துணையும் போயிற்று. அவள் பெற்ற ஆறு குழந்தைகளுள் ஒருவனே வளர்ந்து ஆளானான். பிரெஞ்சு மொழி அவள் நாவில் கடைசி வரை சரளமாகப் படியவில்லை. கணவரின் காதலியர் அரசவையில் அவளைவிடச் செல்வாக்குடன் விளங்கினர். 1683-இல் அவள் இறந்தாள்.

இன்னும் ஒரு நூற்றாண்டு கழித்து வியன்னாவிலிருந்து வந்த மேரி அன்டாய்னெட்டின் கதையை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1770-இல், பதினான்கு வயதில், ரைன் ஆற்றின் தீவு ஒன்றில் அவள் பிறந்த நாட்டு ஆடைகளையெல்லாம் களைந்து, பிரெஞ்சு உடை பூண்டு எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. ஆடையை மாற்றினார்களே தவிர, அவளைத் தம்மவளாக ஏற்கவில்லை. ஆஸ்திரியாக்காரி என்ற ஏளனப் பெயர் அவளைத் தொடர்ந்தது. 1793 அக்டோபரில் கொலைக்களத்தில் அவள் வாழ்வு முடிந்தது.

இனி மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். ஆன் பிரான்சில் மூத்த அரசியாக வாழ்ந்த அதே ஆண்டுகளில், கொச்சியில் ஒரு பெண் அரியணை ஏறினாள். அவள் பெயர் ராணி கங்காதரலக்ஷ்மி. 1656 முதல் 1658 வரை ஆண்டாள். கொச்சி அரச வரிசையில் தன் பெயராலேயே ஆண்ட பெண் இவள் ஒருத்தியே. இவளை அயலாள் என்று எவரும் சொல்ல இயலாது. குடும்பத்தின் வேரே அவள்தான். ஆனால் வேற்றாள் என்னும் சிக்கல் அவளை வேறு வழியில் வந்து சூழ்ந்தது.

கொச்சிக் குடும்பம் தாவழி என்னும் ஐந்து கிளைகளாகப் பிரிந்திருந்தது. எக்கிளையினர் ஆள்வது என்பதில் ஓயாத பூசல். கோட்டையில் இருந்த போர்த்துக்கீசியர் தமக்கு இணங்கிய கிளைக்குத் துணை நின்றனர். அவர்கள் செல்வாக்கினால் வெட்டத்து அரச குடும்பத்திலிருந்து இளவரசர்கள் தத்தெடுக்கப்பட்டனர். கங்காதரலக்ஷ்மிக்குப் பின் 1658-இல் ராமவர்மா பட்டத்துக்கு வந்தார். மூத்த தாவழியைச் சேர்ந்த வீரகேரள வர்மா உரிமை இழந்து ஒல்லாந்தரின் உதவியை நாடினார். பிரான்சில் வெளியிலிருந்து பெண் வந்தாள். கொச்சியில் வெளியிலிருந்து பிள்ளைகள் வந்தனர். இரண்டு இடங்களிலும், வந்தவரைக் காரணமாக வைத்து வீட்டுக்குள் பூசலிட்டவர்களும், அதில் ஆதாயம் தேடியவர்களும் வேறு மனிதர்கள்.

1662 பிப்ரவரியில் ஒல்லாந்தர் மட்டாஞ்சேரியைத் தாக்கினர். ராமவர்மாவும் உடன் இரண்டு இளவரசர்களும் சண்டையில் மாண்டனர். முதிய அரசி சிறைபிடிக்கப்பட்டாள். அவளைப் பிடித்து, உயிருக்கு ஊறின்றிக் காத்தவர் ஹென்றிக் வான் ரீட் என்னும் இளம் ஒல்லாந்த அதிகாரி என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இவரே பின்னாளில் மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் பன்னிரண்டு தொகுதிப் பெருநூலைத் தொகுத்தவர். அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 1663 ஜனவரியில் போர்த்துக்கீசியக் கோட்டை வீழ்ந்தது. வீரகேரள வர்மா ஒல்லாந்தர் துணையால் அரசரானார். இரண்டு அந்நியருக்கு நடுவே, தான் பிறந்த வீட்டிலேயே கைதியானாள் கங்காதரலக்ஷ்மி. பிறந்த வீடு என்பது மட்டும் ஒரு பெண்ணுக்குக் காவலாகிவிடாது என்பதற்கு அவள் வாழ்வே சான்று.

கொச்சி முறையில் எவரும் வேற்றாளாக நின்றதில்லையா என்றால், நின்றார்கள். அரசரின் மனைவியே அப்படி நின்றாள். பெரும்பாலும் நாயர் குடும்பத்தைச் சேர்ந்த அவளுக்கு நேத்தியாரம்மை என்று பெயர். அவள் அரசி அல்லள். அவள் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை. கணவர் மறைந்தால் அரண்மனையோடு உள்ள தொடர்பும் அற்றுவிடும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவிய காலத்தில் மனைவி மக்கள் பட்ட துயரைக் கவிமணி ஒரு நூலாகவே பாடி வைத்தார். 1926-இல் அங்கு சட்டம் வந்து அவ்வழக்கம் மாறிற்று. ஆக, பிரான்சில் மணந்து வந்தவளுக்குப் பட்டம் இருந்தது, நம்பிக்கை இல்லை. கொச்சியில் மணந்து வந்தவளுக்குப் பட்டமும் இல்லை. ஆயினும் அவர்களிலும் ஆற்றல் மிக்கவர் இருந்தனர். 1914 முதல் 1932 வரை ஆண்ட ராமவர்மாவின் துணைவியார், திருச்சூர் வடக்கே குறுப்பத்து வீட்டுப் பாறுக்குட்டி நேத்தியாரம்மை, சமஸ்தான நிர்வாகத்திலேயே பெருஞ்செல்வாக்குப் பெற்று விளங்கினார்.

கொச்சி இராஜ்யம் 1949 ஜூலையில் திருவிதாங்கூரோடு இணைந்தது. அதன் பின்னர் அரச குடும்பச் சொத்தைப் பங்கிட 1961-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் அச்சொத்துக்கு இட்டிருக்கும் பெயர் வலியம்மைத் தம்புரான் கோவிலகம் எஸ்டேட் என்பது. அரசர் பலர் ஆண்டு மறைந்தும், உடைமை கடைசி வரை மூத்த தாயின் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது.

இவ்வளவையும் அன்று நான் வீட்டாருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. படகுத் துறைக்கு வரும் வழியிலும், மறு நாட்களிலும் சிறிது சிறிதாகச் சொன்னேன். ஆனின் கதையைக் கேட்ட என் தாயார், நாற்பத்தைந்து ஆண்டுகள் சகோதரனைக் காணாதிருந்தாள் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னார். அவர் தென்காசிக்கு மணமாகி வந்தது கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து. கரிசல் நாட்டுப் பேச்சைக் கேட்டுப் புகுந்த வீட்டார் சிரித்ததையும், கம்பங்களிக்கு ஏங்கியதையும் அன்றுதான் என் மனைவியிடம் கூறினார். இத்தனை ஆண்டுகளில் அப்பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. சில நாட்கள் கழித்து, சேர்த்தலைப் பெண் வீட்டில் காலையில் என்ன பலகாரம் செய்வார்கள் என்று தம்பியிடம் அவரே விசாரித்தார். திருமணப் பேச்சு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் "எப்படி ஒட்டுவாள்?" என்று கேட்டவர், "நாம் எப்படி வைத்துக்கொள்ளப் போகிறோம்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி இன்று எழுகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பெண் எடுத்தால் இந்த ஊர் அவளுக்கு அயலூர். இங்குள்ள பெண்ணை எடுத்தால் நம் வீடு அவளுக்கு அயல்வீடு. எவ்வகையிலும் ஒருத்தி ஆற்றைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. அவள் தாய்வீட்டோடு பேசுவதை ஐயத்தோடு நோக்காமல் இருப்பதும், அவள் மொழியில் நாலு சொல் நாம் கற்றுக்கொள்வதும், வீட்டுக் காரியங்களில் அவள் சொல்லுக்கு இடம் கொடுப்பதும் நம் கையில் உள்ளவை. பேரரசர்களின் அரண்மனைகளில் கிடைக்காத இவை, இரண்டு அறைகள் கொண்ட நம் வீடுகளில் கிடைக்கக் கூடும்.

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் அன்பர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க. அன்று அரண்மனைக் காட்சிசாலைக்கு விடுமுறை. பரதேசி ஆலயத்திற்குச் சனிக்கிழமை விடுமுறை. மேல்தளத்து இராமாயணச் சித்திரங்களோடு திரும்பிவிடாமல், மரப்படி இறங்கிக் கீழறைகளையும் பார்க்க வேண்டுகிறேன். வெளிச்சம் குறைவு, கண் பழகச் சிறிது நேரம் ஆகும்.